ஏட்டுச் சுரைக்காயும் தொண்ணூறு நாளும்

ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைவாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் டீம் ஒரு வங்கிக்குப் பொட்டி தட்டுகிற டீம். எந்த வங்கி என்று கேட்காதீர்கள், வேலைக்கு வேட்டு வைத்துவிடாதீர்கள் :-) ராத்திரி கணக்கு முடிந்தபிறகு ஓடுகிற புரோகிராம் ஒன்று, ஒவ்வொரு கடன் கணக்கையும் தட்டிப் பார்த்து இது நல்ல கடனா, வாராக்கடனா என்று முத்திரை குத்தும். அதற்குள் மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு எண் கண்ணில் பட்டது: 90. பக்கத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்த குறிப்பு: "180 இருந்தது, 31-03-2004 முதல் 90."

"ஏன் 90? 89 வெச்சா என்ன ஆகும்?" என்று சீனியரிடம் கேட்டேன். "ரிசர்வ் வங்கி ரூல்டா. கைய வெச்சுடாத" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கணக்கு வழக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள் மக்களே. இதில் கோர்ட், ஜெயில், வாசலில் கூட்டம் எல்லாம் உண்டு.

முதல் காட்சி நம்ம சென்னை. 1906 அக்டோபர் 22. ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. மெட்ராஸ் மாகாணத்தில் பென்ஷன் வாங்கியவர்கள், வக்கீல்கள், விதவைகள் என்று பலரும் பணம் போட்டிருந்த இடம். அது கூட்டாளிகள் நடத்திய தனியார் கம்பெனி என்பதால் கணக்கை வெளியே காட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. வெள்ளைக்காரர் நடத்துகிறார், பெரிய கட்டடம், அவ்வளவுதான் ஜனங்கள் கையில் இருந்த 'அறிக்கை'. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களுக்குப் பணம்தான் முழுசாகத் திரும்பவில்லை. இந்த அடியில்தான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயற்சி எடுக்க, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அடுத்த காட்சி கேரளா, பாலா. 1927இல் அங்கே தொடங்கிய பாலை சென்ட்ரல் வங்கி, 1960 வாக்கில் கேரளாவின் மிகப்பெரிய வங்கி. இப்போது சட்டம் இருந்தது. 1949இன் வங்கிச் சட்டப்படி வருஷா வருஷம் கணக்கை அச்சடித்து வெளியிட வேண்டும். அச்சடித்தார்கள். ஜனங்களும் நம்பிப் போட்டார்கள்.

1960 ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை, ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய் வங்கியை மூடச் சொல்லி மனு போட்டது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், வங்கியின் நிலைமை சரியில்லை என்பது 1950களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகளிலிருந்தே ரிசர்வ் வங்கிக்குத் தெரியும். திருத்தப் பார்த்தார்கள், எச்சரித்தார்கள், முடியவில்லை. ஆனால் பாலாவில் பாஸ்புக் வைத்திருந்த ரப்பர் விவசாயிக்கு இதெல்லாம் தெரியாது. மூடியது சட்டப்படி சரிதானா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1962இல் ரிசர்வ் வங்கி பக்கம் தீர்ப்பானது.

அச்சடித்த கணக்கில் எப்படித் தெரியாமல் போகும்? இங்கேதான் மேட்டரே.

அந்தக் காலத்து லாப நஷ்டக் கணக்குப் படிவத்தில் வருமானம் என்ற தலைப்பின் கீழேயே ஒரு வரி உண்டு. வாராக்கடனுக்கும், 'வழக்கமான அல்லது தேவையான' மற்ற காரியங்களுக்கும் ஒதுக்கியது போக மீதியைக் காட்டினால் போதும் என்று அர்த்தம். எவ்வளவு ஒதுக்கினார்கள், எதற்கு ஒதுக்கினார்கள் என்று சொல்ல வேண்டாம். நல்ல வருஷத்தில் லாபத்தில் கொஞ்சத்தை எடுத்து ரகசியமாக ஒளித்து வைக்கலாம். கெட்ட வருஷத்தில் சத்தமில்லாமல் வெளியே எடுத்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிற மாதிரி காட்டலாம். திருட்டுத்தனம் இல்லை, சட்டமே அனுமதித்த வழி. இங்கிலாந்தின் பெரிய வங்கிகளும் 1960களின் இறுதி வரை இப்படித்தான் செய்தன. உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பயந்து ஒரே நாளில் பணத்தை எடுக்க வந்துவிடுவார்கள், நல்ல வங்கியும் விழுந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

தேதியைப் பாருங்கள். பாலை வங்கி மூடியது ஆகஸ்ட் 8. அதே 1960 ஆகஸ்ட் 26 அன்று வங்கிச் சட்டத்தில் 34ஏ என்று ஒரு புதுப் பிரிவு அமலுக்கு வந்தது. சம்பள உயர்வு கேட்ட ஊழியர் சங்கங்கள், "உங்க ரகசியக் கையிருப்பைக் காட்டுங்க, அப்புறம் சம்பளம் கொடுக்க முடியுமா முடியாதான்னு பேசலாம்" என்றன. காட்ட வேண்டாம் என்று சொன்னது இந்த 34ஏ. சங்கங்கள் உச்ச நீதிமன்றம் போயும் 1961இல் அது செல்லும் என்று தீர்ப்பானது. ஒரு வங்கியின் நிலைமை தெரியாமல் ஜனங்கள் தெருவில் நின்ற அதே மாதத்தில், வங்கி ரகசியத்துக்கு இன்னொரு பூட்டு!

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாலை வங்கி விழுந்ததால்தான் நமக்கு டெபாசிட் காப்பீடு கிடைத்தது. 1962 ஜனவரி 1 முதல், ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரை. அதுதான் ஏறி ஏறி 1993இல் ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமானது. ஆக, வங்கி விழுந்தால் அடிபடாமல் இருக்க மெத்தை போட்டார்கள். விழப் போகிறதா என்று பார்க்க ஜன்னல் வைக்க இன்னும் முப்பது வருஷம் ஆனது.

அந்த முப்பது வருஷத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 100 ரூபாய் கடன், 15 சதவீத வட்டி என்று வையுங்கள். வாங்கியவர் ஒரு பைசா கட்டவில்லை. வருஷக் கடைசியில் வங்கி அவர் கணக்கில் 15 ரூபாய் வட்டியைப் பற்று எழுதும். கடன் இப்போது 115. அந்த 15 ரூபாய் வங்கிக்கு 'வருமானம்'. அடுத்த வருஷம் கடன் 132 ரூபாய் 25 காசு, வருமானம் 17 ரூபாய் 25 காசு. கட்டாமல் இருக்க இருக்க லாபம் ஏறும்! அந்த லாபத்துக்கு வரியும் கட்டுவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காயை நறுக்கிப் பந்தியே போட்டார்கள்.

1991இல் நரசிம்மம் கமிட்டி இதில் கை வைத்தது. வட்டி கைக்கு வராமல் குறிப்பிட்ட காலம் தாண்டிவிட்டால் அதை வருமானமாக எழுதாதே, கடனைத் தரம் பிரி, தரத்துக்கேற்ப ஒதுக்கு என்றது. 1992இல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. ஒரேயடியாக இறுக்கினால் பாதி வங்கிகள் காலி என்பதால் படிப்படியாகத்தான் இறுக்கினார்கள். 1993 மார்ச்சில் நான்கு காலாண்டு, 1994இல் மூன்று, 1995இல் இரண்டு. 2004 மார்ச் 31 முதல் 90 நாள். என் புரோகிராமில் இருந்த அந்தக் குறிப்பு இதுதான்! ஆண்டறிக்கைப் படிவமும் இதே 1992இல் மாறியது, ஒதுக்கீடுகளைத் தனியாகக் காட்ட வேண்டியதாயிற்று.

திரையை விலக்கியதும் என்ன தெரிந்தது? 1992-93இல் பொதுத்துறை வங்கிகள் எல்லாம் சேர்ந்து மூவாயிரம் கோடிக்கு மேல் நஷ்டம். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த இந்தியன் வங்கி 1995-96இல் காட்டிய நஷ்டம் 1,336 கோடி. கடன்கள் அந்த வருஷம் திடீரென்று கெட்டுப் போகவில்லை, கெட்டுப் போனது அப்போதுதான் தாளுக்கு வந்தது. உண்மையைச் சொன்ன வங்கி செத்தும் போகவில்லை. அரசு பணம் போட்டது, மெல்லத் தேறி 2007இல் பங்குச் சந்தைக்கே வந்தது.

அப்புறம் வந்தது காலாண்டு அறிக்கை. பங்குச் சந்தையில் இருக்கும் வங்கி, காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கணக்கைக் காட்ட வேண்டும். இது முழுத் தணிக்கை இல்லை, ஆடிட்டர் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: போன ஆண்டறிக்கையில் கடைப்பிடித்த அதே கணக்குக் கொள்கைகளைத்தான் இதிலும் கடைப்பிடித்திருக்கிறோம் என்று. பார்க்க மொக்கையான வரி. ஆனால் 2002 முதல் அமலில் உள்ள கணக்குத் தரம் 25இன் உயிரே அதில்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவுகோலை மாற்றினால் எவன் வேண்டுமானாலும் வளர்ந்த மாதிரி காட்டலாமே!

கடைசிக் காட்சி கரூர். 1926இல் ஏழு வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2016-17இல் 256 கோடி லாபம். 2017-18இல் 585 கோடி நஷ்டம். அடுத்த வருஷம் 894 கோடி, அதற்கடுத்து 836 கோடி, இரண்டும் நஷ்டம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்தது. குறைந்தது 9 சதவீதமாவது இருக்க வேண்டிய மூலதன விகிதம் 2020 ஜூனில் 0.17. எல்லாமே மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியானவை. 2020 நவம்பர் 17 சாயங்காலம் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தபோது நிறைய பேருக்கு அதிர்ச்சி. பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை.

பாலாவில் ஜன்னலே இல்லை. கரூரில் ஜன்னல் திறந்தே இருந்தது, எட்டிப் பார்த்தவர்கள்தான் குறைவு.

இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறேன் என்றால், காரணம் என் அப்பா. போன வருஷம் ரிட்டையர் ஆனார். கணக்கு வாத்தியார். வந்த பணத்தை மொத்தமாக ஒரே வங்கியில் போட ஒரு பேப்பர் விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருந்தார். "லாபம் நாப்பது பர்சென்ட் ஏறியிருக்குடா, வட்டியும் அரை பர்சென்ட் ஜாஸ்தி" என்றார்.

அந்த வங்கியின் காலாண்டு அறிக்கையை இறக்கி, கீழே இருக்கும் குறிப்புகளை இரண்டு பேருமாக உட்கார்ந்து படித்தோம். வாராக்கடன் ஏறியிருந்தது. அதற்கான ஒதுக்கீடு குறைந்திருந்தது. கடன்பத்திரங்களை விற்ற வகையில் ஒரு வருமானம் வந்திருந்தது. தப்பு ஒன்றும் இல்லை, எல்லாம் விதிப்படி. ஆனால் ஏறிய லாபம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷம் மார்க் ஷீட் போட்டவன்டா நான். பையன் பாஸ்னு மட்டும் பார்த்தா பத்தாது, எத்தனை கிரேஸ் மார்க் போட்டுப் பாஸாக்கினாங்கன்னும் பார்க்கணும். எனக்கே மறந்து போச்சு பாரு."

பணத்தைப் பிரித்து மூன்று வங்கிகளில் போட்டார், ஒவ்வொன்றிலும் ஐந்து லட்சத்துக்குள். இப்போது காலாண்டு முடிந்தால் அவரே போன் பண்ணுகிறார், "ரிசல்ட் வந்துடுச்சாடா? அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் பிரிண்ட் எடுத்துட்டு வா."

உங்கள் வீட்டிலும் ஒரு பாஸ்புக் இருக்குமே. இந்தக் காலாண்டு கடைசிப் பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன கண்ணில் பட்டது என்று பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்களேன்.