கைவிலங்கும் மனநோயும்

அந்தமான் என்றதும் நம் நினைவில் எழுவது செல்லுலார் சிறையே. அச்சிறையிலிருந்து மனநோயர் விடுதிக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒருவரின் வரலாற்றை நம்மில் பலர் அறியோம்.

வங்க நாட்டவரான உல்லாஸ்கர் தத்தர், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்றார். மேல்முறையீட்டில் அஃது ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைந்தது. 1912-இல், அந்தமானில் தமக்கு இடப்பட்ட கடும் வேலையைச் செய்ய அவர் மறுத்தார். உடனே அவரைக் கொட்டடியில் நிற்கவைத்துக் கைவிலங்கு பூட்டினர். காய்ச்சல் கண்டது, வலிப்பு வந்தது, சித்தம் கலங்கியது. போர்ட் பிளேர் மனநோயர் விடுதியில் சேர்த்தனர். பின்னர்ச் சென்னை மனநோயர் விடுதிக்கு அனுப்பினர். 1920-இல் விடுதலை பெற்ற அவர் 1965 வரை வாழ்ந்தார்.

அடங்காதவரை அடக்கப் பூட்டிய விலங்கு அவரை நோயாளியாக்கிற்று. விலங்கின்றியும் மனநோயரைப் பேண இயலும் என்பதை ஆங்கில நாடு முன்பே கண்டிருந்தது. இலண்டனை அடுத்த ஹான்வெல் விடுதியில் ஜான் கொனோலி என்னும் மருத்துவர் 1839-லேயே விலங்குகளையும் கட்டுகளையும் நீக்கிவிட்டார்.

அந்நியர் ஆட்சி அகன்றது, சங்கிலி அகன்றதா? 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயர் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். இவர்கள் கைதிகள் அல்லர். உற்றாரால் நலம் நாடிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மனநோயரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலாகாது, தனிமையில் அடைத்தலாகாது என்கிறது அது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் இசைவுடன், உடலைக் கட்டுப்படுத்தலாம். அதுவும் இன்றியமையாத நேரத்திற்கு மேல் நீடித்தலாகாது. காரணமும் கால அளவும் குறிப்பேட்டில் பதியப்பெறல் வேண்டும். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேருக்கும் இச்சட்டம் பொருந்தும்.

அன்பர்களே, தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. தம் மொழி புரியாதோரிடையே மனநோயர் ஒருவர் அச்சத்தால் கதறுவது முரட்டுத்தனமாகத் தோன்றக்கூடும். கட்டிவைக்க அதுவே காரணமாகிவிடும். ஆதலின் அவரைச் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடாது, அடிக்கடி சென்று தமிழில் பேசி, அவர் வேண்டுவதை மருத்துவருக்கு எடுத்துரைப்போம். கட்டிவைத்ததாக அறிந்தால், ஏன், யாருடைய இசைவால், எவ்வளவு நேரம் என்று தயங்காது கேட்போம்.