உடன் நித்தியம்: ஒரு சொல்லின் கதை



'நித்தியம்' என்றால் தொடக்கமும் முடிவும் இல்லாதது. இருவர் சேர்ந்தே அப்படி இருந்தால் அதற்கு என்ன பெயர்? கிரேக்கர் 'சுனாயிதியோஸ்' என்றனர். 'சுன்' என்றால் உடன். 'ஆயிதியோஸ்' என்றால் எப்போதும் உள்ளது. தமிழில் 'உடன் நித்தியம்' எனலாம். கிறிஸ்துவ உலகையே இரண்டாகப் பிளந்த சொல் இது.

எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில், கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆரியுஸ் என்றொரு குரு இருந்தார். பிதாவும் குமாரனும் என்றென்றும் ஒன்றாகவே இருக்கின்றனர் என்றார் அவருடைய ஆயர் அலெக்சாந்தர். ஆரியுஸ் ஒப்பவில்லை. பெற்றவர் முந்தி, பிள்ளை பிந்தித்தானே? குமாரன் பிதாவுடன் 'உடன் நித்தியர்' அல்லர் என்று ஆயருக்கே கடிதம் எழுதினார். பிற்காலத்தில் திருச்சபை போற்றிய சொல், மறுத்தவர் கடிதத்தில் இருப்பது வேடிக்கைதான்!

தம் கருத்தைப் பரப்ப அவர் மாலுமிகளுக்கும் மாவரைப்போருக்கும் வழிப்போக்கருக்கும் பாட்டுக் கட்டினார் என்கிறார் பிலொஸ்தொர்கியுஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர். வேலை செய்யும்போது பாடும் பாட்டு எவ்வளவு விரைவில் பரவும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த் தரப்பின் வாதமும் எளிமையானதே. பிள்ளை பிறந்த பிறகுதானே ஒருவருக்கு அப்பா என்ற பெயர் வருகிறது? கடவுள் என்றென்றும் பிதா என்றால், குமாரனும் என்றென்றும் இருந்தாக வேண்டும். விளக்கு எரியும்போதே வெளிச்சமும் இருக்கிறது; விளக்கு முந்தி, வெளிச்சம் பிந்தி என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இந்த விளக்கு உவமையே தெளிவாகப் படுகிறது.

325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயா நகரில் ஆயர்களைக் கூட்டினார். இன்று துருக்கியில் இஸ்னிக் என்று வழங்கும் ஊர் அது. குமாரன் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்போரைச் சங்கம் கண்டித்தது. ஆயினும் அதன் விசுவாச அறிக்கையில் இடம் பெற்றது 'உடன் நித்தியம்' அன்று. 'ஒரே உள்பொருள்' என்று பொருள்படும் வேறொரு சொல்.

சண்டை அதோடு ஓயவில்லை. அரசர் மாறினால் ஆயர்களும் மாறினர். நிசேயா தரப்பின் தூணாக நின்ற அத்தனாசியார் ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். கான்ஸ்டான்டிநோபிள் நகரில் ரொட்டி விலை கேட்டால்கூட, பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்றே பதில் வரும் என்று நீஸா நகர ஆயர் கிரகோரி சலித்துக்கொண்டார். 381இல் அந்நகரில் கூடிய சங்கம் நிசேயாவின் முடிவை உறுதி செய்தது.

லத்தீனில் இச்சொல் 'கோஎத்தெர்னுஸ்'. அம்மொழியில் பின்னர் எழுந்த ஒரு விசுவாச அறிக்கை, பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரையும் அச்சொல்லாலேயே குறித்தது. அதை அத்தனாசியார் பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் எழுதியவர் அவரல்லர். அவர் எழுதியது கிரேக்கத்தில். ஆங்கிலத்தில் 'கோஎட்டர்னல்' என்று வழங்குவது அந்த லத்தீன் சொல்லே.