புதுச்சேரிச் சோழியும் ஹிஜ்ரிப் பிறையும்

1825-இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கியும் கலைத்தும் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்தார். எழுதுகோலைத் தொடவில்லை, சூத்திரம் எல்லாம் மனப்பாடம். குறித்துக்கொண்டவர் ஜான் வாரன், சென்னை வானாய்வுக் கூடத்தை 1805 முதல் 1811 வரை கவனித்துவந்த படை அதிகாரி. கிரகணத்தின் தொடக்கத்தில் கணக்கு 4 நிமிடமே பிசகியது. நடுவில் 23, முடிவில் 52.

அதே ஆண்டு சென்னையில் அச்சான வாரனின் ‘காலசங்கலித’ நூலைத் தமிழ்ப் பஞ்சாங்கத்தின் ஆவணமாகவே பலரும் பேசுகிறார்கள். அதிலுள்ள இன்னொரு செல்வம் கவனம் பெறவே இல்லை. ஹிஜ்ரி முதலாண்டான கி.பி. 622 தொடங்கி 1900 வரை இஸ்லாமிய ஆண்டுப் பிறப்புகளையும் அவர் அட்டவணையாகத் தந்திருக்கிறார்.

அத்தகைய அட்டவணைகளின் அடிப்படை, அரபு வானியலாளர்கள் வகுத்த முப்பதாண்டுச் சுற்று. 19 ஆண்டுகளுக்கு 354 நாள், 11 ஆண்டுகளுக்கு 355 நாள். ஆக 10,631 நாள். சந்திர மாதத்தின் உண்மைச் சராசரியிலிருந்து இது ஒரு நாள் விலக ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் ஆகும். இந்த நுட்பத்துக்கான தூண்டுதல் குர்ஆனிலேயே இருக்கிறது. ஆண்டுகளின் எண்ணிக்கையை அறியவே சந்திரனுக்குப் படித்தரங்கள் வகுக்கப்பட்டன என்கிறது யூனுஸ் அத்தியாயம் (10:5). சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குகின்றன என்கிறது அர்ரஹ்மான் (55:5).

ஆனால் நோன்பைப் பிறை பார்த்துத் தொடங்கவும், மேகம் மறைத்தால் மாதத்தை முப்பதாக நிறைவு செய்யவும் நபிமொழி சொல்கிறது. புதுச்சேரியில் இது எளிதல்ல. கடற்கரை கிழக்கு நோக்கியது; பிறை தெரிவதோ மேற்கே, ஊருக்குப் பின்னால். 29-ஆம் நாள் மக்ரிப் (அந்தி) வேளையில் கடல் உதவாது, மொட்டைமாடிதான் கதி. கணக்கைப் பிறை கண்டவர் சாட்சியத்தோடு எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

இதற்கு மிகத் தெளிவான விடை சொன்னவர், 1355-இல் மறைந்த தகிய்யுத்தீன் சுப்கீ. திமிஷ்கின் (டமாஸ்கஸ்) நீதிபதி, ஷாஃபி சட்டமரபின் அறிஞர். பிறை தெரியவே வாய்ப்பில்லை என்று கணக்கு உறுதியாகக் காட்டினால், பார்த்ததாகச் சொல்லும் சாட்சியை ஏற்கக் கூடாது என்றார். எகிப்தின் அஹ்மத் முஹம்மத் ஷாகிர் 1939-இல் ஒரு படி மேலே போனார். எழுத்தும் கணக்கும் அறியாத சமூகம் என்பதால்தான் கண்பார்வை விதிக்கப்பட்டது. அந்தக் காரணம் நீங்கிவிட்டது என்பது அவர் வாதம்.

வானியலும் சும்மா இருக்கவில்லை. சந்திரன் சூரியனிலிருந்து சுமார் 7 பாகையாவது விலகாவிட்டால் பிறை கண்ணுக்குத் தெரியாது என்று 1930-களில் பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் காட்டினார். பினாங்கின் முஹம்மத் இல்யாஸ் 1980-களில் பிறை முதலில் தெரியக்கூடிய பகுதிகளைப் பூகோளத்தில் கோடிட்டு வரைந்தார்.

தமிழ்நாட்டில் இந்த விவாதத்தோடு இணைந்த பெயர் அலி மணிக்ஃபான். 1938-இல் மினிக்காயில் பிறந்து, மண்டபம் கடல் மீன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர்; 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். உலகம் முழுவதற்கும் கணக்கில் அமைந்த ஒரே சந்திர நாட்காட்டி வேண்டும் என்று பல்லாண்டு உழைத்தார். அவ்வழி நிற்போர் மாதப் பிறப்பைப் புவிமைய சங்கமத்தை (அமாவாசைக் கணத்தை) வைத்து முடிவு செய்கிறார்கள். மற்ற ஜமாஅத்துகள் பிறைத் தகவலுக்காகக் காத்திருக்கின்றன. ஒரே தெருவில் இரு நாள் பெருநாள் வருவது இதனால்தான்.

வேதமும் அண்டவியலும் என்றதும் இன்று பெரும்பாலோர் எடுத்து வைப்பது வேறொன்று. பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் புக்காய் 1976-இல் விவிலியம், குர்ஆன், அறிவியல் பற்றி நூல் எழுதிய பின், வானத்தை விரித்தலைப் பேசும் வசனம் (51:47) ஹப்பிள் 1929-இல் கண்ட அண்ட விரிவோடு ஒட்டவைக்கப்பட்டு மேடைதோறும் முழங்குகிறது. பழைய விரிவுரையாளர்கள் அதை விசாலம், ஆற்றல் என்றே விளக்கினர். கோட்பாடு மாறினால் வசனத்துக்கும் புதுப்பொருள் தேட நேரும் என்பதே இந்த வழியின் ஆபத்து. 1979-இல் ஸ்டாக்ஹோம் நோபல் விருந்தில் இயற்பியலாளர் அப்துஸ் ஸலாம் முல்க் அத்தியாய வசனங்களை ஓதியபோது எந்தச் சமன்பாட்டையும் அதற்குள் தேடவில்லை. படைப்பில் குறை காணாமல் திகைக்கும் பார்வையையே அதில் கண்டார்.

பிறைக் கணக்கில் அந்த ஆபத்து இல்லை. பிழைத்தால் அன்று மாலையே வானம் காட்டிவிடும். கிழக்குக் கரையில் காயல்பட்டினம் முதல் காரைக்கால் வரை ஷாஃபி மத்ஹப் வேரூன்றியிருக்கிறது; சுப்கீயின் தீர்ப்பு அவர்களுடைய சொந்த மரபு. சங்கமமே நிகழாத மாலையில் வரும் சாட்சியை நிராகரிக்க ஜமாஅத்துகள் வெளியே எங்கும் போய் ஆதாரம் தேட வேண்டியதில்லை.