சாம்பலில் ஓர் ஊர்

அரியலூர் மாவட்டத்துத் திருமானூர் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் பெயர் ஆங்கில வாசகனிடம் சென்று சேர்ந்தது காவிரியாலோ கோயிலாலோ அன்று; சாம்பலால். 1887இல் வெளிவந்த கோனன் டாயிலின் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில், தரையில் கிடந்த கறுத்த, செதிலான சாம்பலைக் கண்டே, கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஷெர்லக் ஹோம்ஸ் கூறிவிடுகிறார். 1890இல் வந்த அடுத்த நாவலில் அதே கறுஞ்சாம்பலுக்கு எதிராக அவர் நிறுத்துவது 'பேர்ட்ஸ் ஐ' எனும் பைப் புகையிலையின் வெண்சாம்பலை. நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி நூலெழுதியவர் அல்லவா!

பைப் புகையிலை நறுக்கிய தூள். காரமான இலையோடு மென்மையானதைக் கலந்து வேகத்தைத் தணிக்கலாம். சுருட்டில் இலையே உடல். உறையூரில் சுருட்டப்பட்டதற்கும் இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்தது. பெயர் மட்டும் திருச்சிக்கு. ஆங்கிலத்தின் 'ஷெரூட்' என்பதும் நம் 'சுருட்டு' என்ற சொல்தான்.

கதையில் அதைப் புகைத்தவன் இலண்டனில் குதிரைவண்டி ஓட்டிய ஓர் அமெரிக்கன். அவனுடைய உயரம், காலணி, நகம் வரை ஹோம்ஸ் கணித்துவிடுகிறார். சுருட்டிய உறையூர்க் கை யாருடையது என்று அங்கே எவரும் கேட்கவில்லை.