மின்தூக்கி நிற்காத மாடிகள்

சிங்கப்பூரில் 1990க்கு முன் கட்டிய பல புளோக்குகளில் முன்பெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. மூன்று நான்கு மாடிக்கு ஒருமுறைதான் கதவு திறக்கும். ஏழாம் மாடியில் இருந்தவர் ஐந்தில் இறங்கி ஏற வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் ஒன்பதில் இறங்கிக் கீழே வர வேண்டியிருந்தது. கால் உள்ளவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

கட்டியவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் காலத்தையும் பார்க்கணும். வீவக தொடங்கியது 1960இல். மறு ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். சீக்கிரமாகவும் மலிவாகவும் கட்டியாக வேண்டிய நிலை. ஒவ்வொரு மாடியிலும் கதவு வைத்தால் செலவு கூடும். சக்கர நாற்காலி யார் நினைவிலும் இருந்திருக்காது.

நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு. அந்த முதல் வீடுகளில் குடியேறிய எல்லாருமே வாடகைக்காரர்கள். ஓரறை 20 வெள்ளி, ஈரறை 40, மூவறை 60. 1964இல்தான் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது; 1968இல் மத்திய சேமநிதியை எடுத்து வீடு வாங்கலாம் என்றானது. அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிய எல்லாப் பேச்சும் உரிமையாளரைப் பார்த்தே பேசப்பட்டது. வாடகைக்காரர் மெல்ல ஓரத்துக்குப் போனார்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உடற்குறையுள்ளோர் தாங்களே நடத்தும் உலக அமைப்பு ஒன்றின் முதல் மாநாடு 1981இல் இதே சிங்கப்பூரில்தான் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில், மறுவாழ்வு நிபுணர்களின் மாநாட்டில், தங்களுக்குச் சம இடம் மறுக்கப்பட்டதால் வெளியேறியவர்கள் தொடங்கிய அமைப்பு அது. முதல் தலைவர், சிங்கப்பூரைச் சேர்ந்த பார்வையற்ற சமூகச் சேவையாளர் ரான் சந்திரன்-டட்லி. 1986இல் இங்கே உடற்குறையுள்ளோர் சங்கம் உருவானதும் அவர் முயற்சியால்தான். அப்படியிருந்தும் 1987இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயிலில் சக்கர நாற்காலியோடு ஏற வழியில்லை. நம் தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்போம்?

தடையற்ற அணுகலுக்கான கட்டட விதிமுறை 1990இல் வந்தது. பழைய புளோக்குகளின் மின்தூக்கிகளை எல்லா மாடியிலும் நிற்கவைக்கும் திட்டம் 2001இல். அதற்கு புளோக்கில் வாக்கெடுப்பு நடக்கும்; 75 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும். வாக்கு வீட்டு உரிமையாளருக்கு. 2006 பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சி வசமிருந்த ஹவ்காங், பொத்தோங் பாசிர் தொகுதிகளுக்கு 18 கோடி வெள்ளி மேம்பாட்டு வாக்குறுதி தரப்பட்டது. மின்தூக்கி தேர்தல் மேடைக்கே வந்துவிட்டது. ஆறாம் மாடியில் அறை வாடகைக்கு எடுத்திருந்தவர் அந்தக் கணக்கு எதிலும் இல்லை.

வாசல் வரை வந்தாயிற்று, உள்ளே? பழைய வீடுகளில் கழிவறை வாசலில் ஒரு திட்டு இருக்கும். கதவும் குறுகல். 2012இல் மூத்தோருக்கான வீட்டு மேம்பாட்டுத் திட்டம் வந்தது: கைப்பிடிகள், வழுக்காத தரை, சாய்தளம். செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்கிறது. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. 2024இல் விரிவாக்கியபோது மடக்கும் குளியல் இருக்கையும் சேர்ந்தது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் வீட்டு உரிமையாளர்.

என் சித்தப்பா பக்கவாதம் வந்த பிறகு ஒருவரிடம் வாடகைக்கு இருந்தார். கழிவறையில் இரண்டு கைப்பிடி வேண்டும். சித்தி வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"டைல்ஸ்ல ஓட்ட போட்டா நாளைக்கு யாருமா மாத்திக் குடுப்பா?"

"நாங்களே மாத்திக் குடுத்துர்றோம் அண்ணே."

"அதெல்லாம் வேணாம்மா. ஒப்பந்தம் முடியட்டும், வேற வீடு பாருங்க."

சித்தி சுவரில் ஒட்டும் உறிஞ்சு கைப்பிடி வாங்கி வந்தார். ஈரம் பட்டால் கழன்றுவிடும். கடைசியில் அவரே கைப்பிடி ஆனார், தினம் இருமுறை.

வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு டைல்ஸ் பயம். அந்தப் பயத்துக்கு அமெரிக்கா 1988இல் சட்டத்திலேயே பதில் எழுதியது. நியாயவீட்டுச் சட்டத் திருத்தத்தின்படி, உடற்குறையுள்ள வாடகைக்காரர் தன் செலவில் செய்யும் நியாயமான மாற்றத்தை வீட்டுக்காரர் மறுக்க முடியாது. காலி செய்யும்போது வீட்டின் உட்புறத்தைப் பழையபடி ஆக்கித் தரச் சொல்லலாம். தேவையானால் அதற்கான பணத்தை முன்கூட்டியே தனிக்கணக்கில் போட்டுவைக்கச் சொல்லலாம்.

சட்டத்தின் விதிகளில் உதாரணமாகச் சொல்லப்பட்டிருப்பதே குளியலறைக் கைப்பிடிதான். அதைத் தாங்கச் சுவருக்குள் மரச்சட்டம் வைத்து வலுப்படுத்த வேண்டியிருக்கும். போகும்போது கைப்பிடியைக் கழற்றச் சொல்லலாம். மரச்சட்டத்தை எடுக்கச் சொல்ல முடியாது. அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை, பின்னால் குடிவரும் ஒருவருக்குத் தேவைப்படலாம் என்று காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது.