தகப்பன் கையெழுத்து

மணமுறிவுக்குப் பின் பிள்ளை யாருக்கு என்ற கேள்வியை நாம் பாசத்தின் மொழியிலேயே பேசிப் பழகிவிட்டோம். பெத்த மனசு, தாய்ப்பாசம், இத்யாதி. நீதிமன்றத்தின் மொழி வேறு. அங்கே கேள்வி, யார் கையெழுத்து செல்லும், யாருடையது செல்லாது என்பதுதான். இதைச் சொல்ல எனக்கு அன்னி பெசன்ட் தேவைப்படுகிறார். ஹோம்ரூல் தலைவியான பெசன்ட் அல்ல; பிள்ளைகளுக்காக இரண்டு நாடுகளில் கோர்ட் படியேறிய பெசன்ட்.

1873இல் பாதிரியாரான கணவர் ஃப்ராங்க் பெசன்டிடமிருந்து அவர் பிரிந்தார். விவாகரத்து அல்ல, பிரிவினைப் பத்திரம். மகன் தந்தையிடம், மகள் மேபல் தாயிடம் என்பது ஏற்பாடு. 1877இல் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து, கருத்தடை பற்றிய நோல்டனின் சிறுநூலை வெளியிட்டதற்காக பெசன்ட்மேல் வழக்கு வந்தது. மறு வருஷமே ஃப்ராங்க் நீதிமன்றம் போனார்: தாய் நாத்திகர், இப்படிப்பட்ட புத்தகம் போட்டவர், பெண்ணை என்னிடம் கொடுங்கள். நீதிபதி ஜெஸ்ஸல் கொடுத்தார். மகள் தாயிடம் என்று எழுதிக்கொடுத்த பத்திரம் குறுக்கே நிற்கவில்லை. சரி, பத்திரமே செல்லாது போலிருக்கிறது என்று பெசன்ட் கணவர்மேல் வழக்காடப் போனால், அதற்கு மட்டும் அதே பத்திரம் தடையாயிற்று. ஒரே காகிதம்தான். அப்பனைக் காத்த பகுதி உயிரோடிருந்தது, அம்மாவைக் காத்த பகுதி செத்துப்போனது.

அந்த இழப்புக்கு 32 வருஷம் கழித்து, 1910இல், சென்னை அடையாறில் இன்னொரு தகப்பன் கையெழுத்திட்டார். பிரம்மஞான சபையில் வேலை பார்த்த, மனைவியை இழந்த நாராயணய்யா, தன் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் பெசன்டைக் காப்பாளராக்கினார். 1912இல் அவரே பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். இங்கே பலம் யார் பக்கம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை: சபையின் வெள்ளைக்காரத் தலைவி ஒரு பக்கம், அதே சபையில் ஊழியம் பார்த்தவர் மறுபக்கம். 1913இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்குத் தீர்ப்பளித்தது. 1914இல் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது: பையன்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவர்கள் விருப்பத்தைக் கேட்கவில்லை, இங்குள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை.

பெசன்டின் வெற்றி என்றுதான் இது சொல்லப்படுகிறது. என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை. அதே தீர்ப்பு, இந்துத் தகப்பனின் காப்பாளர் உரிமை ஒரு புனிதப் பொறுப்பு, உயிரோடிருக்கும்போது அதை அவர் இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது, பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைத்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. பிள்ளையின் நலன் குறுக்கே நின்றால்தான் நீதிமன்றம் தலையிடும். பெசன்ட் ஜெயித்தார், அவரிடமிருந்து மேபலைப் பறித்த தத்துவமும் கூடவே ஜெயித்தது.

சுதந்திரம் வந்த பிறகு? 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் அதை வரிசை எண்போல எழுதிவைத்தது: முதலில் தந்தை, அவருக்குப் பின் தாய். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்று ஒரு சலுகையும் தந்தது. பாலூட்டி, காலைக் கழுவி, காய்ச்சலுக்குக் கண்விழிக்கும் வேலை தாய்க்கு, கையெழுத்து தகப்பனுக்கு. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போன எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் கேட்டதும் தகப்பன் கையெழுத்தைத்தான். அவர் வழக்கோடு, மணமுறிவு வழக்கில் இருந்த வந்தனா சிவாவின் மனுவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999இல் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. ‘பின்’ என்றால் ‘தந்தை இறந்த பின்’ என்று பொருளல்ல, ‘தந்தை இல்லாத நிலையில்’ என்று பொருள், அவர் அக்கறையற்று இருப்பதும் அதில் அடங்கும் என்று விளக்கம் தந்தது. வரிசை அப்படியே இருந்தது. தாயும் தந்தையும் சமமான காப்பாளர்கள் என்று திருத்தச் சொல்லி 2015இல் சட்ட ஆணையம் பரிந்துரைக்க வேண்டிவந்ததே அதனால்தான்.

பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்வது வேறு, பிள்ளைக்காக முடிவெடுக்கும் உரிமை வேறு. ‘புள்ள அம்மாகிட்டதானே இருக்கு, அப்புறம் என்ன?’ என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். மேபலும் அம்மாவிடம்தான் இருந்தாள், ஐந்து வருஷம்.