மதுரை வட்டாரத்தில் மகளிர் உயர்கல்வியும் தொண்டும்: இரு நிறுவனங்களின் வரலாறு

முன்னுரை

கற்ற பெண்கள் அமைப்பாகத் திரண்டு பிற பெண்களின் கல்விக்குத் துணைநிற்கும் மரபு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. 1919இல் உருவான பன்னாட்டுப் பல்கலைக்கழக மகளிர் கூட்டமைப்பு, பட்டம் பெற்ற பெண்களின் ஆய்வுக்கு உதவித்தொகை வழங்குவதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. பட்டதாரிப் பெண்கள் அரிதாயிருந்த மதுரை வட்டாரத்திலோ கல்வியும் தொண்டும் வேறு முறையில் இணைந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் அங்குத் தோன்றிய காந்திகிராமம், லேடி டோக் கல்லூரி ஆகியவற்றின் வழி அவ்விணைவை இக்கட்டுரை ஆராய்கிறது.

நகரின் கல்லூரி

சென்னையில் இராணி மேரி கல்லூரி 1914இலும் மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915இலும் தொடங்கப்பட்டன. மதுரையில் மகளிர்க்கெனத் தனிக்கல்லூரி தோன்ற மேலும் மூன்று பத்தாண்டுகள் கடந்தன. அதுவரை மகளிர் கல்லூரியை நாடிய மதுரைப் பெண், தொலைவிலுள்ள ஊரில் விடுதியில் தங்க வேண்டியிருந்தது. கற்கும் ஆர்வத்தோடு பயணச் செலவும் குடும்பத்தின் இசைவும் அவளுக்குத் தேவைப்பட்டன. அமெரிக்க மறைப்பணியாளர் கேட்டி வில்காக்ஸ் 1948இல் நிறுவிய லேடி டோக் கல்லூரி இத்தடையைக் குறைத்தது. 1953இல் பாத்திமா கல்லூரியும் 1965இல் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியும் தொடர்ந்தன. எனினும் இக்கல்லூரிகளின் வாயில் பள்ளிக்கல்வியை முடித்தவர்க்கே திறந்திருந்தது.

சிற்றூரின் கல்விக்கூடம்

பள்ளியை எட்டாத பெண்களை முன்னிறுத்தியது காந்திகிராமம். அதன் நிறுவனர்களுள் ஒருவரான டி.எஸ். சௌந்தரம், மதுரைத் தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936இல் மருத்துவரானார். கைம்பெண்ணுக்கு மறுமணமும் உயர்கல்வியும் மறுக்கப்பட்ட சூழலில் இரண்டையும் அவர் பெற்றார், 1940இல் ஜி. இராமச்சந்திரனை மணந்தார்.

1944இல் கஸ்தூரிபா மறைந்தபின், சிற்றூர்ப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்காக அவர் பெயரில் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதன் தமிழ்நாட்டுப் பணியைச் சௌந்தரம் ஏற்றார். 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகில் இவ்விருவரும் காந்திகிராமத்தை நிறுவினர். இன்று திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள அப்பகுதி 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மருத்துவமும் மகளிர்க்கான பயிற்சியும் அங்கு இணைந்து வளர்ந்தன. 1956இல் ஊரக உயர்கல்வி நிறுவனம் உருவானது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

ஒப்பீடு

லேடி டோக் கல்லூரி கல்லூரிக் கல்வியிலிருந்து தொடங்கியது. காந்திகிராமம் தொண்டிலிருந்து தொடங்கிப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. முன்னதில் தகுதி பெற்றவர் கல்வியைத் தேடி வந்தனர். பின்னதில் சிற்றூரின் தேவையே பாடத்தைத் தீர்மானித்தது. ஆயினும் இவ்வழிக்கும் எல்லையுண்டு. பேறுகாலப் பணி, குழந்தைநலம் போன்றவற்றையே பெண்ணுக்குரிய தொண்டாகக் கொண்டால், அவளது கல்வி பிறர்க்குப் பயன்படும் அளவிலேயே மதிப்புப் பெறும். தான் விரும்பியதைக் கற்கும் உரிமை அப்போது பின்தள்ளப்படும். சௌந்தரம் பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றியமை, அவ்வெல்லையைத் தொண்டின் வழியே கடக்கவும் இயன்றதைக் காட்டுகிறது.

முடிவுரை

மகளிர் கல்வி வரலாற்றைக் கல்லூரிகளின் தோற்ற ஆண்டுகளைக் கொண்டு மட்டும் எழுதினால், பட்டம் பெறாமல் பயிற்சி பெற்ற பெண்கள் அதில் இடம்பெறார். மதுரை வட்டாரத்தின் சான்று, உதவித்தொகையும் விடுதியும் சிற்றூர்ப் பயிற்சியும் ஒரே வரலாற்றின் கூறுகள் என்பதை உணர்த்துகிறது. கல்லூரிப் பதிவேடுகளுடன் பயிற்சி நிலையங்களின் ஆவணங்களையும் இணைத்து ஆராயும்போதே அவ்வரலாறு நிறைவுபெறும்.